சுறா எண்ணெய் மணத்த புகைச் சோதனை

சைலன்சரின் வாயிலிருந்து முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வெள்ளையாக, தடிப்பாக, குபுகுபுவென்று புகை வந்தது. சோதனை நிலையத்துத் தம்பி கையில் பிடித்திருந்த குழாயை அப்படியே போட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னுக்குப் போனார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"அம்மா, நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ! என்னத்தை ஊத்தினீங்கள் இதுக்குள்ள?"

என்னத்தை ஊற்றுவது? பெற்றோல்தான் ஊற்றினேன். மோட்டார் சைக்கிளுக்கு வேறு யாராவது பாயாசம் ஊற்றுவார்களா? வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு எஞ்சினை நிறுத்தினேன். புகை நின்றது. மணம் நிற்கவில்லை. அது பெற்றோல் மணமும் இல்லை, எஞ்சின் ஒயில் மணமும் இல்லை.

"என்னப்பா, மீன்வாடி ஏதும் பத்துதோ?" என்றார் ஒரு ஆட்டோக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இந்த மாவட்டத்தில் காலமெல்லாம் மிட்வைஃபாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 'மிஸ்ஸி' என்று வழியில் நின்று மரியாதையாகக் கதைக்கிற சனத்துக்கு முன்னால் இப்படியொரு கூத்து.

தம்பி உள்ளே போய் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "ஃபெயில் அம்மா. கராஜில காட்டி, சரி பண்ணிக்கொண்டு வாங்கோ."

 எங்கள் வீட்டில் இதுபற்றி ஒரு தீர்மானம் இருந்தது. மாத முடிவோடு மோட்டார் சைக்கிளின் லைசன் முடிகிறது; புகைச் சோதனையில் தேறாமல் அதைப் புதுப்பிக்க ஏலாது. புகைச் சோதனையில் தேறினால் வைத்திருப்பது. தேறாவிட்டால் நிலாவெளியில் விடுதி வைத்திருக்கும் குமரேசனுக்குக் கொடுத்துவிடுவது. அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

அவர் ஓடுவதற்குக் கேட்கவில்லை. பழைய ஜப்பான் சைக்கிள், வெள்ளைக்காரர் விரும்பிப் படம் எடுப்பார்களாம். விடுதி வாசலில் நிறுத்தி, சீற்றின்மேல் பூச்சாடி வைக்கப் போகிறாராம். பூச்சாடி! மாதாவே, அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாதையில் ஏறிய சைக்கிள்

போன கிழமை இந்தப் பத்தியில் கிளிவெட்டிக் கிளினிக்கைப் பற்றி நான் எழுதியதை வாசித்த ஒருவர் சந்தையில் என்னை மறித்தார். "மிஸ்ஸி, அப்ப கிண்ணியாவுக்குப் பாலம் இல்லையே. சைக்கிளை எப்பிடிக் கொண்டு போனனீங்கள்?"

பாதையில்தான். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆட்களையும் ஆடுமாடுகளையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு மெல்ல மெல்ல அக்கரைக்குப் போகும் தட்டையான படகு. முன்னுக்கு ஒரு லொறி, பின்னுக்கு நான்கைந்து ஆடு, நடுவில் என் சைக்கிள். அலை அடித்தால் உப்புத் தண்ணீர் எங்கள் எல்லார்மேலும் பாகுபாடு இல்லாமல் தெறிக்கும்.

மனிதருக்கு உப்புத் தண்ணீர் காய்ந்தால் போயிற்று. இரும்புக்கு அப்படியில்லை. புதுச் சைக்கிளின் மட்கார்டில் முதல் மழைக்காலம் முடிவதற்குள் துருப் பிடிக்கத் தொடங்கியது. அதைக் கண்டுபிடித்தவர் என் கணவர் சேவியர். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துக் கட்டுகிற 'டக்' படகில் வேலை செய்தவர். துருவைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரித் துள்ளுவார்.

அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வந்ததும் சைக்கிள் இவர் கைக்குப் போய்விடும். கிணற்றில் அள்ளிய நல்ல தண்ணீரால் கழுவுவார். தன் பழைய சாரத்தால் ஈரம் போகத் துடைப்பார். ஸ்போக் கம்பி ஒவ்வொன்றுக்கும் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு. "சேவியர் மனிசிக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்க முதல் சைக்கிளைக் குளிப்பாட்டுறான்" என்று அக்கம்பக்கத்தில் நையாண்டி. உண்மைதான். தேத்தண்ணீர் பிறகுதான் வரும்.

சோதனை என்று பார்த்தால், இந்தச் சைக்கிள் காணாத சோதனையா? சண்டைக் காலத்தில் மூதூர்ப் பக்கம் போய்வர எத்தனை இராணுவச் சென்றி! சீற்றைக் கழற்று என்பார்கள். பெற்றோல் டாங்கைத் திற என்பார்கள். என் மருந்துப் பையைக் கவிழ்த்துக் கொட்டி, பிள்ளை நிறுக்கிற தராசைத் தூக்கிப் பார்த்து இது என்ன என்பார்கள். நானும் பிள்ளையைத் தொங்கப்போட்டு நிறுக்கிற மாதிரிக் கையால் காட்டுவேன். ஒருநாள் ஒரு இளம் சிப்பாய் அதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுப் போகவிட்டான். அந்தச் சோதனைகளில் என் சைக்கிள் ஒருநாளும் ஃபெயில் ஆனதில்லை.

பின்சீற்றுக்காரர்

ஒரு விசயம் சொன்னால் சிரிப்பீர்கள். இவருக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது. மலை மாதிரிக் கப்பலைக் கயிறு போட்டு இழுக்கிற மனிசனுக்கு இரண்டு சில்லில் நிற்கப் பயம். ஆகவே ஞாயிறு பூசை முடிந்து நிலாவெளிப் பக்கம் போவதென்றால் நான் ஓடுவேன், இவர் பின்னுக்கு இருப்பார்.

அந்தக் காலத்தில் மனிசி ஓட, புருசன் பின்னுக்கு இருந்து போவதென்றால் சும்மாவா? டக்கில் கூட வேலை செய்தவர்கள் வீதியில் நின்று கத்துவார்கள். "என்ன சேவியர், கப்பலை இழுக்கிறனியே, இப்ப உன்னை மனிசி இழுக்கிறாவோ?"

"ஓமடா! இவ நல்ல டக்!" என்று இவரும் கத்துவார்.

எனக்குத்தான் கோபம் வரும். ஒருநாள் கேட்டேன். "உங்களுக்கு வெட்கமாய் இல்லையோ?"

"என்ன வெட்கம்? ஓடுறவைக்கு ரோட்டு மட்டுந்தான் தெரியும். பின்னுக்கு இருக்கிறவனுக்குத்தான் கடல் தெரியும்."

"நாளெல்லாம் கடலுக்குள்ளதானே நிக்கிறீங்கள்?"

"அது வேலை செய்யிற கடல். இது பாக்கிற கடல்."

எத்தனையோ தரம் இதைச் சொல்லியிருக்கிறார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓடுகிறவளுக்கு உண்மையிலேயே ரோட்டு மட்டும்தான் தெரிகிறது.

ஐயாயிரம் ரூபாய்த் தாளுக்கு மரியாதை இல்லை

முந்தி சேர்விஸ் என்றால் ஒரு சின்னச் செலவு. வேப்பமரத்துக்குக் கீழ் தகரக் கொட்டில். ஒயில் மாற்றி, செயினை மண்ணெண்ணெயில் கழுவி, பிறேக்கை இறுக்கித் தருவார்கள். நூறு ரூபாயை நீட்டினால் மிச்சக் காசும் வரும், குடிக்க ஒரு பிளேன்ரீயும் வரும்.

இப்போது ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினாலும், கடைக்காரர் அதன் பின்னால் இன்னொன்று ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். வெளிநாட்டிலிருந்து சாமான் வராமல் நின்ற காலத்திலிருந்தே இந்தக் கோலம். என் சைக்கிளுக்கோ சாமான் செய்கிறவர்களே உலகத்தில் இல்லை. பிறேக் கட்டை கேட்டால், "அம்மா, இது எந்தக் காலத்துச் சைக்கிள்?" என்று கேட்கிறார்கள். விலையைச் சொல்வதற்கு முதல் கதிரையைத் தருகிறார்கள். இருந்து கேட்க வேண்டிய விலை.

இந்த வருஷம் செயின், பின் ரயர், காபரேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. கொழும்பில் இருக்கும் மகன் பிரகாஷ் தொலைபேசியில் ஏசினான். "அம்மா, சைக்கிளின்ர பெறுமதியை விட உங்கட ரிப்பேர்ச் செலவு கூட. ஆர் இனி ஓடப்போகினம்? வித்துப்போட்டு ஆட்டோவில போங்கோ."

"அப்பாவைக் கேள்" என்றேன். இவர் என் பக்கம் நிற்பார் என்ற நம்பிக்கை.

போனை இவர் காதில் வைத்தேன். இவர் கேட்டார். பிறகு, "ஓம்" என்றார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். போன மாரிக்கு இவருக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பினது மாதா செய்த புண்ணியம். வலது கை விழுந்துவிட்டது, வலது கால் இழுக்கிறது. கதை வரும், ஆனால் ஒரு சொல்லைத் தேடி எடுத்து வெளியே கொண்டுவர இவர் படுகிற பாடு பார்க்கச் சகிக்காது. ஆகவே யார் என்ன கேட்டாலும் "ஓம்" என்று முடித்துவிடுவார். சாப்பிட்டீங்களா? ஓம். சுகமா? ஓம். சைக்கிளை விற்கவோ? ஓம்.

நாங்கள் இருப்பது பாலையூற்றில். வீட்டு முற்றத்தில் மாமரம் இருக்கிறது, மதில் இருக்கிறது, கடல் இல்லை. மரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு இருத்திவிட்டால் பின்னேரம் வரைக்கும் மதிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று தரம் ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கூரை தாழ்ந்த ஆட்டோவுக்குள் குனிந்து ஏறவே இவர் களைத்துப்போவார். பிறகு சாரதியின் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவார். அதற்குப் பிறகு ஆட்டோ என்றால் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

இவரைப் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு போகலாமென்று நான் மட்டும் மனதுக்குள் ஆசைப்பட்டேன். ஆனால் இவரோ குமரேசன் வந்து கேட்டபோதும் "ஓம்" என்றுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு காலம் கழுவித் துடைத்த சைக்கிளை ஒரு சொல்லில் தாரைவார்க்கிறாரே! கடைசியில் சண்டை போட்டு, சோதனையில் தேறினால் விற்பதில்லை என்ற ஒரு தவணையை நான் வாங்கினேன். அதற்கும் இவர் சொன்னது "ஓம்"தான்.

அந்தத் தவணைதான் வெள்ளைப் புகையாகப் போனது.

நிசார் முகர்ந்து பார்த்தார்

சோதனை இடத்திலிருந்து நேரே சீனக்குடாவுக்கு விட்டேன். நிசாரின் கராஜ் அங்கேதான். கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்காரர். நான் பிரசவம் பார்த்த பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். கிண்ணியாவில் பாதிப்பேர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் நிசார் கண்டியில் பிறந்தவர். என் சைக்கிளை மனமுவந்து தொடுகிற ஒரே மெக்கானிக் இப்போது அவர்தான்.

வழி முழுக்கப் புகை. பஸ் நிலையத்தில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். நான் ஹெல்மட் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டேன். யாரென்று தெரியாமல் இருந்தால் போதும்.

"நிசார்! என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்? மானம் போச்சு! இவ்வளவு காசையும் வாங்கிக்கொண்டு..."

"மிஸ்ஸி, மிஸ்ஸி, கொஞ்சம் பொறுங்க. முதல்ல இறங்குங்க."

குனிந்து சைலன்சரைப் பார்த்தார். விரலை அதன் வாய்க்குள் விட்டு எடுத்தார். விரலில் கறுப்பாக, வழுவழுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார். அதற்குப் பிறகு சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை.

"இது என்ட வேல இல்ல மிஸ்ஸி. இது தோணிக்குப் பூசுற சாமான். சுறா எண்ணெய்! வெளியாலயும் பூசி, உள்ளுக்கும் ஊத்தி இரிக்கி. எஞ்சின்ல ஒரு பிழையும் இல்ல, அல்லாஹ்வாண."

சுறா எண்ணெய்.  திருக்கடலூரில் சேவியரின் அப்பா தன் மீன்பிடி வள்ளத்துக்குப் பூச வைத்திருந்ததில் மிஞ்சிய ஒரு போத்தல், எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எறியச் சொல்லி நான் எத்தனையோ வருஷமாகக் கத்துகிறேன். காலையில் நான் பூசைக்குப் போன நேரத்தில் வீட்டில் இருந்தவர் ஒரே ஒரு ஆள்.

"என்ன செய்யிறது இப்ப?" என் சத்தம் இறங்கிவிட்டது.

"வெளியால உள்ளத நான் கழுவித் தாறன். உள்ளுக்கு ஊறினது சூடேறினாத்தான் பொகையும், சூட்டுலதான் எரிஞ்சும் போகும். நல்லாப் பாரம் வெச்சுத் தூர ஓடணும் மிஸ்ஸி. குச்சவெளி மட்டும் போயிட்டு வாங்க."

"என்ன பாரம்?"

"அரிசி மூட்ட வைங்க, ஆள வைங்க. எதெண்டாலும் எஞ்சின் சூடானாச் சரி."

கழுவி முடிந்ததும் எவ்வளவு என்று கேட்டேன். "மணந்து பார்த்ததுக்கெல்லாம் காசு வாங்கினா வாப்பா என்ன வீட்டுக்குள்ள எடுக்க மாட்டாரு. போங்க" என்றார்.

சோதினை எண்டு நீர்தானே சொன்னீர்

இவர் மாமரத்துக்குக் கீழேதான் இருந்தார். நான் கேற்றைத் திறந்ததும் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தார். கிட்டப் போய் இடது கையைப் பிடித்து முகர்ந்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறார். சுறா அதற்கெல்லாம் அசையுமா?

"இஞ்சருங்கோ, சைலன்சருக்குள்ள எண்ணெய் ஊத்தினது நீங்களோ?"

"ஓம்."

"ஏன்?"

'ஏன்' என்ற கேள்விக்கு 'ஓம்' என்று சொல்லித் தப்ப ஏலாது. இவர் வாயைத் திறந்தார், மூடினார். நான் அவசரப்படுத்தவில்லை. மாமரத்தில் அணில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"இண்டைக்கு... சோதினை எண்டு... நீர்தானே... சொன்னீர்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. துறைமுகத்தில் டக்கைச் சோதிக்க அதிகாரிகள் வரும் நாளுக்கு முன்னால் இவர்கள் செய்கிற வேலை எனக்குத் தெரியும். சங்கிலி, குழாய், கப்பி, புகைபோக்கி என்று துருப் பிடிக்கக்கூடிய இடமெல்லாம் எண்ணெய் பூசுவார்கள். துரு தெரிந்தால் படகைக் கரையில் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று பயம். அந்த நாட்களில் இவர் வீட்டுக்கு வந்தால் தலையணைகூட எண்ணெய் மணக்கும்.

சைக்கிளின் சைலன்சரில் துருப் புள்ளிகள் இருந்தன. இவர் தன் டக்கைச் சோதனைக்கு ஆயத்தம் செய்த மாதிரியே என் சைக்கிளையும் ஆயத்தம் செய்திருக்கிறார். இழுக்கிற காலோடு அலுமாரியின் மேல்தட்டை எட்டியிருக்கிறார். ஒற்றைக் கையால் போத்தல் மூடியைத் திறந்திருக்கிறார். தேறினால் சைக்கிள் போகாது என்ற தவணை இவருக்கும் தெரியும்தானே! தேறவேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டது இவர்தான். எனக்குச் செலவு வைக்கிறோமே, பாரமாய் இருக்கிறோமே என்றுதான் எல்லாத்துக்கும் ஓம் போட்டிருக்கிறார்.

நான் அழுதுவிட்டேன். முற்றத்தில் நின்று, அக்கம்பக்கம் பார்க்க, வாய்விட்டு அழுதேன். இவர் பயந்துபோனார்.

"ஊத்தினது... பிழையே?"

"பிழைதான்! பெரிய பிழை! எழும்புங்கோ. பாரம் வேணுமாம், வாங்கோ."

குச்சவெளி மட்டும்

என் பழைய வெள்ளை யூனிஃபோம் சாரி ஒன்றை எடுத்தேன். இவரைப் பின்சீற்றில் ஏற்றி, பக்கத்து வீட்டு மேரியின் உதவியோடு இரண்டு பேரின் இடுப்பையும் சுற்றிக் கட்டினேன். "ஐயோ அக்கா, விழுந்தால் ரெண்டு பேரும் சேர்ந்தெல்லோ விழுவீங்கள்!" என்று மேரி தலையில் கைவைத்தாள். சேர்ந்து விழுந்தால் விழட்டும் என்றேன்.

மெல்லத்தான் ஓடினேன். உப்புவெளி வரைக்கும் புகை எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. நிலாவெளியில் இரண்டு காகங்கள் கொஞ்சத் தூரம் கூடவே பறந்து வந்து பார்த்துவிட்டு, மீன் இல்லை என்று தெரிந்து திரும்பிப் போயின. குமரேசனின் விடுதி வாசலைத் தாண்டும்போது நான் ஹோர்னை அடித்தேன். வேண்டுமென்றேதான் அடித்தேன்.

இறக்கக்கண்டிப் பாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. ஒரு பக்கம் களப்பு, ஒரு பக்கம் கடல். இவருடைய இடது கை என் வயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தது. அந்தப் பிடி இறுகியது.

"பயமாய் இருக்கோ?" என்று கத்தினேன்.

பதில் வர நேரமெடுத்தது. பாலம் முடிந்த பிறகுதான் வந்தது.

"நீர்... ரோட்டைப் பாரும்."

எனக்குச் சிரிப்பு வந்து ஹான்டில் ஆடியது. குச்சவெளியில் ஒரு பெட்டிக்கடை வாசலில் நிறுத்தி, சாரிக் கட்டை அவிழ்க்காமல், சைக்கிளில் இருந்தபடியே பிளேன்ரீ குடித்தோம்.  திரும்பி வரும்போது பின்னால் புகை இல்லை.

அடுத்தநாள் மறுபடி வரிசையில் நின்றேன். அதே தம்பி. குழாயை நீட்டுவதற்கு முதல் மூக்கைச் சுருக்கினார். "மணம் இன்னும் இருக்கு அம்மா." கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "மெசினுக்கு மூக்கு இல்லைத்தானே. பாஸ்."

ஞாயிற்றுக்கிழமை

குமரேசனுக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் கேட்கவில்லை. பூசை முடிந்து வந்து நான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருக்க, சின்ன லொறி ஒன்றோடு வந்து கேற்றடியில் நின்றார். நான் முற்றத்துக்கு வந்தேன்.

"அக்கா, பாஸ் எண்டாலும் பரவாயில்லை. விலையைக் கொஞ்சம் கூட்டித் தாறன். அண்ணை அண்டைக்கே ஓம் எண்டவர். அவர் சொன்னால் சொன்னதுதானே?"

எனக்கு வாயில் நல்ல பதில் வந்தது. அதைச் சொல்வதற்கு முதல் மாமரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். கதிரையில் ஆளைக் காணவில்லை. 

இவர் சைக்கிளில் இருந்தார். நிறுத்தி வைத்த சைக்கிளின் பின்சீற்றில், ஹெல்மட்டும் போட்டு, பட்டி பூட்டாமல் தொங்க, இடது கையால் சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். அந்த இழுக்கிற காலை வைத்துக்கொண்டு தனியே எப்படி ஏறினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குமரேசன் கிட்டப் போனார். "அண்ணை, கொஞ்சம் இறங்குறீங்களோ? ஏத்தவேணும்."

"ஓம்" என்றார் இவர்.

இறங்கவில்லை.

குமரேசன் லொறியின் பின்கதவைத் திறந்துவிட்டு வந்தார். மறுபடியும் கேட்டார். இவர் மறுபடியும் "ஓம்" என்றார். முன்சீற்று வெறுமையாக இருந்தது.

நான் அடுப்பை நிறுத்தவும் சைக்கிள் திறப்பை எடுக்கவும் குசினிக்குள் போனேன்.